கராஜுக்குப் போன என் மாணவனும் ஒரு த்ரொட்டல் பொடியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், கராஜ் வைத்திருப்பவர்களும், பத்தாம் பதினொராம் ஆண்டில் பிள்ளை படிக்கிறவர்களும் கடைசிவரை வாசித்தால் சந்தோசம். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் பழைய வெள்ளைக் காரை ஊரில் அநேகம் பேருக்குத் தெரியும். இரண்டு மாதமாக அதற்கு ஒரு வருத்தம். ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால், சந்தியில் வேகம் குறைத்தால், என்ஜின் நடுங்கி நின்றுவிடும். ஒருநாள் காலை கல்லடிப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் நின்றது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் பாடசாலை வேன்கள். ஹோர்ன் சத்தத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பின்சீட்டில் மகள், "வாப்பா, இறங்கித் தள்ளவா?" என்கிறாள்.

ஒரு கராஜில் காட்டினேன். பெயர் வேண்டாம். பொனட்டைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்: "சேர், த்ரொட்டல் பொடி போயிட்டு. மாத்தணும். பாவிச்ச சாமான் எண்டா அறுபத்தையாயிரம், புதுசு எண்டா சொல்ல ஏலாது." என் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். "யோசிச்சுச் சொல்றன்" என்று திரும்பி வந்தேன்.

நண்பர் ஒருவர்தான் ஆத்தங்கரைப் பக்கம் ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு சின்ன கராஜைச் சொன்னார். போர்ட் கூட இல்லை. தகரக் கொட்டில், ஒரு மாமரம், அதற்குக் கீழே இரண்டு த்ரீவீல். காரை நிறுத்தி இறங்கினேன். காருக்கு அடியில் இருந்து வெளியே வந்த பொடியன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். கையை நீட்டினேன். அவன் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "கை எண்ணெய் சேர்."

என் மாணவன். 2011ல் ஓ.எல். எழுதியவன். கணிதம் சித்தியில்லை. அதற்குப் பிறகு பாடசாலைப் பக்கம் வரவில்லை.

கதிரை போட்டான். தம்பியை அனுப்பி தேத்தண்ணி எடுப்பித்தான். பிறகு காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பத்து நிமிடம் ஒன்றும் தொடாமல் கேட்டுக்கொண்டே நின்றான். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தான். "சேர், பி0506 காட்டுது. ஐடில் குறைவு எண்டு சொல்லுது. எதனால எண்டு அது சொல்லாது. அத நாமதான் தேடணும்." அந்த வசனத்தை நான் குறித்துவைத்துக்கொண்டேன். வருத்தத்தின் பெயரைக் கருவி சொல்லும். காரணத்தை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். த்ரொட்டல் பொடி என்பது என்ஜினுக்குள் காற்றுப் போகும் வாசல். வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அலுமினியக் குழாய், அதன் நடுவில் வட்டமான ஒரு தகடு. எக்ஸிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும், காற்று உள்ளே போகும். எவ்வளவு காற்றுப் போகிறது என்று கம்பியூட்டர் கணக்குப் பார்த்து அதற்கேற்ற பெற்றோலைத் தெளிக்கும். நிறையில் பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 பங்கு காற்று. நாம் பெற்றோலை மட்டும் கணக்குப் பார்க்கிறோம். என்ஜினுக்குத் தேவை அதைவிடப் பதினான்கு மடங்கு காற்று.

எக்ஸிலேட்டரை விட்டால் தகடு கிட்டத்தட்ட மூடிவிடும். தலைமயிர் அளவு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியாலும், பக்கத்தில் இருக்கும் ஐடில் வால்வின் சின்ன வழியாலும் போகும் காற்றில்தான் நிற்கும் கார் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்தில் கரி படிந்தால் மூச்சு அடைக்கும். ஓடும்போது தகடு நன்றாகத் திறந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. சந்தியில் நிற்கும்போதுதான் தெரியும். என் காருக்கு நடந்தது அதுதான்.

கரி எங்கே இருந்து வருகிறது? என்ஜினின் அடியில் சேரும் எண்ணெய் ஆவியைத் திரும்பவும் எரிப்பதற்காக ஒரு குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்கே அனுப்புவார்கள். அந்த ஆவியும் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்ணிய தூசியும் சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நம்மட ஒழுங்கை எல்லாம் மணல். நம்மட ஓட்டமோ வீட்டில் இருந்து பள்ளிக்கு, பள்ளியில் இருந்து கடைக்கு. என்ஜின் ஒழுங்காகச் சூடாகும் முன்னமே நிற்பாட்டிவிடுகிறோம். எயார் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று கேட்டால் எனக்கே ஞாபகம் இல்லை.

அவன் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு ஆசிரியனாகச் சொல்கிறேன், நல்ல ஒரு செய்முறைப் பாடம் அது.

என்ஜின் ஆறும்வரை வேலையைத் தொடங்கவில்லை. பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றினான். காற்றுக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினான். கழற்றும் ஒவ்வொரு வயர் சொக்கட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். "நினைவ நம்பக் கூடாது சேர்." கேபிளைக் கழற்றினான். தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் கவ்வி வைத்துக் கழற்றினான். போல்ட் ஒன்று அசையவில்லை. இரும்பு போல்ட், அலுமினிய உடல், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம்மட உப்புக்காற்று. மூன்றும் சேர்ந்தால் போல்ட் உள்ளே கடித்துப் பிடித்துக்கொள்ளும். பலத்தைப் போட்டால் போல்ட் தலை கையோடு வரும், பிறகு அறுபத்தையாயிரம் உண்மையாகவே செலவாகும். துருநீக்கி எண்ணெயை அடித்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தான். காத்திருக்கும் நேரத்தில் த்ரீவீலில் வேறு வேலை பார்த்தான். பிறகு மெதுவாகத் திருப்பினான், வந்தது.

கழற்றிய உடனே திறந்திருந்த வாயில் சுத்தமான துணி ஒன்றை அடைத்தான். "ஒரு நட்டு உள்ள விழுந்தா சரி, என்ஜினே போச்சு."

தகட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். விரலால் தொட்டால் ஒட்டுகிறது. த்ரொட்டல் கிளீனரை நேரே பீச்சி அடிக்கவில்லை. துணியில் அடித்து, மென்மையான பிரஷால் ஓரத்தையும் தகட்டின் பின்பக்கத்தையும் துடைத்தான். மண்தாளும் இல்லை, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவதும் இல்லை. பெற்றோல் தட்டில் ஊறப்போடுவதும் இல்லை. பக்கத்தில் சென்சர் இருக்கிறது, அதற்குள் திரவம் போகக்கூடாது. சில கார்களில் தகட்டு ஓரத்தில் கம்பனியே ஒரு பூச்சுப் பூசியிருக்கும், கடுமையான மருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஐடில் வால்வைத் தனியாகக் கழற்றி அதன் முனையையும் துடைத்தான்.

தகட்டை நிறுத்தும் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி, "இதத்தான் கனபேர் திருகி விடுற. ஐடில் கூடும், ஆள் சந்தோசமாப் போவார். கரி உள்ளதான் இருக்கும். ரெண்டு மாசத்தால வேற வருத்தத்தோட வருவார்" என்றான். அதை அவன் தொடவில்லை.

புதுக் கேஸ்கட் போட்டான். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். குறைந்த கூலண்டை நிரப்பினான். ஸ்டார்ட் பண்ணியதும் என்ஜின் ரேஸ் பண்ணியது. நான் பயந்துவிட்டேன். அவன் சிரித்தான். இவ்வளவு நாளும் அடைபட்ட வாசலுக்கு ஏற்றமாதிரிக் கம்பியூட்டர் பழகியிருந்ததாம், வாசல் திறந்தது அதற்கு இன்னும் தெரியாதாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்துப் பழக்கினான். முள் எழுநூற்றைம்பது பக்கம் வந்து நின்றது. நடுக்கம் இல்லை.

"சேர், நீங்க படிப்பிச்ச அமுக்கம்தான் இது. பிஸ்டன் கீழ போகக்குள்ள உள்ள அமுக்கம் குறையுது, வெளிக்காத்து உள்ள வருது. அண்டைக்கு விளங்கல்ல. இஞ்ச வந்துதான் விளங்கிச்சு."

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். எவ்வளவு என்று கேட்டேன். கிளீனர், கேஸ்கட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் என்றான்.

பதிவை இந்த இடத்தில் முடித்தால் "நல்ல மெக்கானிக் ஒருத்தர் கிடைச்சார்" என்ற கதையாகப் போய்விடும். நான் எழுத வந்தது வேறு.

காசை எடுக்கும்போது அவனிடம் வேலை பழகும் தம்பி என்னை யார் என்று கேட்டான். என் மாணவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இவர்தான்டா எனக்கு இந்த வேலைய எடுத்துத் தந்தவர்."

தம்பிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பத்தாம் ஆண்டில், முழு வகுப்புக்கும் முன்னால், அவனை எழுப்பி நிற்பாட்டி நான் சொன்னேன்: "இப்படியே போனா ஒருநாளைக்கு ஏதாவது கராஜில் ஸ்பானர் புடிச்சிட்டுத்தான் நிப்பாய்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். பதினைந்து வருடமாகப் போகிறது. நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த மாணவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சேர்" என்றான். நான் அவனை அவமானப்படுத்தியது பலருக்கு முன்னால். அதனால் இதையும் பலருக்கு முன்னால் எழுதுகிறேன். நான் செய்தது பிழை.

இனி என் கருத்துக்கள். உடன்படாதவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

முதலாவது, கார் வைத்திருக்கும் எங்களுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்தாலும் வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தால் நம்மைப் போன்ற சம்பளக்காரனுக்கு எட்டாது. ஆகவே இருக்கும் பழைய காரைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம். 2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபாய். கியூ.ஆர். வந்ததும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் காரை ஓடவைத்து வைத்தியசாலைக்கு நோயாளிகளைக் கொண்டுபோகச் செய்தவர்கள் இந்த ஒழுங்கைக் கராஜ்காரர்கள். சாமான் இல்லாத காலத்தில், இருந்ததைக் கழுவி, திருத்தி, பொருத்தி ஓடவைத்தார்கள்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சாமான் மாற்றுகிறவர் அறுபத்தையாயிரம் பில் நீட்டினால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். கழுவித் திருத்துகிறவர் மூவாயிரம் கூலி கேட்டால், "கழுவத்தானே செஞ்ச, என்ன மூவாயிரம்?" என்று பேரம் பேசுகிறோம். பெட்டியில் வரும் சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், தலைக்குள் இருக்கும் அறிவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பிறகு "எல்லாக் கராஜும் மாத்தத்தான் சொல்றாங்க" என்று புலம்புகிறோம். மாற்றினால் அவர்களுக்கு லாபம், யோசித்தால் நட்டம் என்று நாமே ஆக்கிவைத்திருக்கிறோம்.

இரண்டாவது, கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு. எல்லாரையும் குறை சொல்லவில்லை. கழுவினால் எல்லாம் சரிவரும் என்றும் சொல்லவில்லை. தகட்டின் தண்டு தேய்ந்திருந்தால், சென்சர் பழுதாகியிருந்தால், மோட்டர் செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கேபிள் இல்லாமல் மோட்டரால் திறக்கும் புதுவகைத் த்ரொட்டலைக் கையால் அமத்தித் திறந்தாலே பல்லுச் சக்கரம் உடையக்கூடும், அதையும் என் மாணவன்தான் சொன்னான். ஆகவே யூடியூப் பார்த்து வீட்டில் கழற்ற வேண்டாம் என்று வாகனக்காரர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். மாற்று என்று சொல்லும் முன்னம் கழற்றிக் காட்டுங்கள். இதனால்தான் மாற்றச் சொல்கிறேன் என்று ஒரு வசனம் சொல்லுங்கள். மாற்றினால் பழைய சாமானை உரியவரின் கையில் கொடுங்கள். ஊர் சின்னது. நம்பிக்கை போனால் திரும்ப வராது.

மூன்றாவது, பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும். இதுதான் முக்கியம்.

"படிக்காட்டி கராஜுக்குப் போ", "படிக்காட்டி மேசன் வேலைக்குப் போ", "மீன் பிடிக்கப் போ". இந்த வசனங்கள் இல்லாத வீடு நம்மட பக்கத்தில் இருக்கிறதா? ஒரு தொழிலைத் தண்டனையாகச் சொல்லி வளர்க்கிறோம். பிறகு அந்தத் தொழிலுக்குப் போகிற பிள்ளை தலை குனிந்துகொண்டுதான் போகிறான். ஆசிரியரைக் கண்டால் கையை ஒளிக்கிறான். தாவூத் நபி இரும்பால் கவசம் செய்தவர் என்று மதரசாவில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். 1206ல் அல் ஜஸரி எழுதிய பொறிகளின் நூலைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்குகிறோம். வீட்டில் பிள்ளை ஸ்பானரைத் தூக்கினால் அழுகிறோம். இது என்ன நியாயம்?

இதைச் சொன்னவுடன், "அப்ப பிள்ளைகளைப் படிப்பை விட்டிட்டு கராஜுக்கு அனுப்பச் சொல்றீங்களா சேர்?" என்று ஒருவர் கீழே கேட்பார். இல்லை. நேர்மாறாகச் சொல்கிறேன். 16 வயதுவரை கல்வி சட்டப்படி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021ல் 16 ஆக்கப்பட்டுவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கராஜில் நிற்பாட்டுவது பிழை, அதை நியாயப்படுத்த வரவில்லை. இன்றைய கராஜுக்குப் படிப்பு வேண்டும். ஸ்கேனரில் வருவது எல்லாம் ஆங்கிலம். அமுக்கம் விளங்க வேண்டும், மின்னோட்டம் விளங்க வேண்டும், வோல்ட் அளக்கத் தெரிய வேண்டும். என் மாணவன் இவற்றை எல்லாம் இரவில் தனியாக இருந்து படித்திருக்கிறான். நான் வகுப்பில் ஒரு பழைய த்ரொட்டல் பொடியைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் அன்றைக்கே அவனுக்கு விளங்கியிருக்கும். அவன் சித்தியடையாததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ல் வந்தது. ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் தொடர்ந்து படிக்கலாம் என்ற 13 வருடக் கல்வித் திட்டம் 2017ல் தொடங்கியது. என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. அதில் பலருக்குத் தெரியாத ஒரு விசயம்: கோர்ஸ் போகாமல், ஏற்கனவே கராஜில் வேலை செய்து பழகியவர்களும், தங்கள் திறமையைச் செய்து காட்டி மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் எடுக்கலாம். வெளிநாடு போகிறவனுக்கு அந்தக் கடதாசி இல்லாவிட்டால் ஹெல்பர் சம்பளம்தான். நம்மட கராஜ்களில் கை தேர்ந்த எத்தனை பொடியன்மார் அந்தக் கடதாசி இல்லாமல் இருக்கிறார்கள்? அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஆசிரியர்கள் நாங்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம். ஒரு மணித்தியாலம் ஒதுக்க ஏலாதா?

கடைசியாக ஒரு சின்ன முயற்சி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்தாம் பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, விஞ்ஞான பாடத்தோடு சேர்த்து ஒரு செய்முறை வகுப்பு வைக்க யோசித்திருக்கிறேன். மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வள்ளத்துக்கு என்ஜின் திருத்துகிறவர், ஃபிரிஜ் வேலை செய்கிறவர் வந்து கற்பிக்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் இருந்து அதன் விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொடுப்போம். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். காரைத் தள்ளவா என்று கேட்ட என் மகளுக்கு அது ஏன் நின்றது என்று தெரிந்திருக்கக் கூடாதா?

முதல் வகுப்புக்கு என் மாணவனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சேர், எனக்கு மெத்ஸ் பாஸ் இல்லையே, நான் எப்படி ஸ்கூலுக்குள்ள வந்து படிப்பிக்கிற?" என்றான்.

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. "நீங்க வாங்க. பிள்ளைகளுக்கு முன்னால நான் உங்கள சேர் எண்டு கூப்பிடுறன்" என்றேன். "யோசிச்சுச் சொல்றன்" என்றிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. நானும் காத்திருக்கத்தான் வேண்டும், பலத்தைப் போட்டால் போல்ட் உடையும்.

பழைய என்ஜின் பாகங்கள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தால் எறியாதீர்கள், எங்களுக்குத் தாருங்கள். சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்க விருப்பமான தொழில் தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். சான்றிதழ் படிவம் நிரப்ப உதவி தேவையானவர்களும் எழுதுங்கள், இரவு இஷாவுக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.

இன்றைக்கு வீட்டில் பிள்ளையை ஏசப் போகும்போது அந்தக் கராஜ் வசனம் வாயில் வந்தால், தயவுசெய்து ஒருதரம் விழுங்கிவிடுங்கள். நான் விழுங்காமல் விட்ட வசனம் பதினைந்து வருடத்துக்குப் பிறகு என் முன்னால் வந்து நின்றது.

அல்லாஹ் நம் எல்லாரையும் மன்னிக்கட்டும். வஸ்ஸலாம்.